சுவரைப் பிடித்திருந்த டைல்ஸ்

சுவரில் ஓட்டை விழுந்த நேரத்தில் இருந்தவர்கள்: இந்தப் பக்கம், எங்கள் குளியலறையில், என் அப்பா எபனேசர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், இரண்டு காதிலும் பஞ்சு. கொத்தனார் தாணுமாலையன், கையில் உடைக்கிற மிஷின். நான், ஜெய்சன், சென்னையில் ராத்திரி ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு வந்து வீட்டில் பகலெல்லாம் தூங்குகிறவன், கையில் இடிபாடு அள்ளுகிற இரும்புச் சட்டி. அந்தப் பக்கம், அவருடைய சமையலறையில், சித்தப்பா கிருபைராஜ், கையில் தோசைக் கரண்டி. அம்மா இல்லை. அம்மாவுக்காகத்தான் இந்த வேலையே.

மிஷின் முதலில் டைலைக் குத்தியது. டைல் தனியாக வரவில்லை. டைலோடு பூச்சு வந்தது, பூச்சோடு செங்கல் வந்தது, செங்கலோடு வெளிச்சம் வந்தது, வெளிச்சத்தோடு நல்லெண்ணெய் வாசனை வந்தது. தூசி அடங்கியபோது பூசணிக்காய் அளவு ஓட்டை வழியாகச் சித்தப்பாவின் பனியன் தெரிந்தது. பிறகு அவர் குனிந்தார், முகமும் தெரிந்தது. அவருடைய அடுப்பில், தோசைக்கு நடுவில், அரைச் செங்கல் ஒன்று உட்கார்ந்திருந்தது. அப்பா காதிலிருந்த பஞ்சை எடுத்தார். எதையாவது கேட்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருப்பார். சித்தப்பா அடுப்பை அணைத்தார்.

"சொவரு இரும்பு மாதிரி இருக்குன்னு சொன்னீரே வே" என்றார் அப்பா, கொத்தனாரிடம்.

"சொவரு இரும்புதான் சார். செங்கல்தான் சரியில்ல" என்றான் தாணுமாலையன்.

தாணுமாலையனுக்குச் சேரன்மகாதேவி. மணிமுத்தாற்றிலிருந்து வள்ளியூர் வரைக்கும் தான் டைல்ஸ் ஒட்டாத வீடு இல்லை என்பான். ஒட்டியதைப் பற்றி மட்டும்தான் பேசுவான். எடுத்ததைப் பற்றி அவன் பேசி நான் கேட்டதில்லை. காலையில் வந்ததும் சுவரை விரல் முட்டியால் தட்டினான். சில இடத்தில் சத்தம் தேங்காய் மாதிரி இருந்தது, சில இடத்தில் தகரம் மாதிரி இருந்தது. "நடுவுல ஏதும் அடைச்சது கிடைச்சது உண்டா சார்? இல்ல, ஒரே சொவரா?" என்று கேட்டான். அப்பா கொஞ்சம் யோசித்தார். யோசித்ததை நான் பார்த்தேன். "ஒரே சொவரு. எங்க அப்பா கட்டுனது. தைரியமா அடியும்" என்றார்.

அவன் தைரியமாக அடித்தான்.

அம்மா விழுந்தது ஈஸ்டருக்கு முந்தின வாரம். எங்கள் குளியலறையின் டைல்ஸ் நீல நிறம், கண்ணாடி வழுவழுப்பு. சோப்பு நுரை பட்டால் காலை வாங்கிவிடும். அம்மா வழுக்கி விழுந்து முட்டியில் ஆபரேஷன் ஆயிற்று. குத்துக்கால் போட்டு உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் இருந்தது உட்காருகிற கக்கூஸ் இல்லை, குந்துகிற கக்கூஸ். குந்துவதுதான் வயிற்றுக்கு நல்லது என்று அப்பா முப்பது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கும் வீட்டில் எங்களுக்கும் போதித்தவர். அதனால் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வள்ளியூரில் அவளுடைய தங்கை வீட்டுக்குப் போனாள். அங்கேயும் குந்துகிறதுதான். நடுவில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வைத்திருந்தார்கள். அது ஆடும். அம்மா பயந்துபோய்ச் சாப்பாட்டைக் குறைத்தாள். காலையில் ஒரு இட்லி, ராத்திரி அதுவும் இல்லை. போனில் ஒரே கேள்விதான் கேட்பாள்: "வேலை முடிஞ்சா?" உடம்பு எப்படி என்று நாங்கள் கேட்டால், "அத விடு. வேலை முடிஞ்சா?"

வழுக்காத டைல்ஸ், உட்காருகிற கக்கூஸ், பிடித்து எழுந்திருக்கக் கம்பி. ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிடுவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். ஓட்டை விழுந்தது செவ்வாய்க்கிழமை.

ஓட்டையைப் பார்க்காமல் தாணுமாலையனைப் பார்த்து அப்பா பேசினார்.

"கொத்தனாரே, அங்கன நிக்க ஆள்ட்ட சொல்லும். இது நம்ம சொவரு. நம்ம சொவத்த நாம இடிப்போம், நாம கட்டுவோம். யாரும் பதற வேண்டாம்."

சித்தப்பாவும் தாணுமாலையனைத்தான் பார்த்தார். "கொத்தனாரே, அந்த ஹெட்மாஸ்டர்ட்ட கேளும். அவரு சொவருன்னா, அவரு செங்கலு எதுக்குவே என் தோசையில வந்து உக்காந்திருக்கு?"

தாணுமாலையன் இந்தப் பக்கம் திரும்பினான். "சார், அண்ணாச்சி என்ன கேக்காவன்னா…"

"எனக்குக் காது கேக்கும்."

"கேக்கும்லா? பெறகு என்னத்துக்கு நான் நடுவுல?"

அவன் நடுவில்தான் இருக்கவேண்டும் என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து.

இந்த வீடு முன்பு ஒரே வீடு. தாத்தா செத்த பிறகு நடுச்சுவரை எல்லையாக வைத்துப் பிரித்தார்கள். பிரித்தபோது சண்டை வரவில்லை. சண்டை பிறகு, ஒரு ஆணியால் வந்தது. ஒரு கிறிஸ்மஸுக்கு நட்சத்திரம் தொங்கவிடச் சித்தப்பா தன் பக்கத்தில் நீளமான ஆணி ஒன்றை அடித்தார். எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடத்தார் அப்பாவுக்குக் கொடுத்த கடிகாரம் கீழே விழுந்து உடைந்தது. "யாரைக் கேட்டு என் சொவத்துல ஆணி அடிச்ச?" என்றார் அப்பா. "ஒம்ம சொவரா?" என்றார் சித்தப்பா. அதற்குப் பிறகு பதினொரு வருஷம் பேச்சில்லை. ஆணியின் முனை எங்கள் பக்கம் அரை இஞ்சு நீட்டிக்கொண்டிருந்தது. அப்பா அதைத் தட்டி உள்ளே அனுப்பவில்லை. அதிலேயே வேதவசனக் காலண்டரை மாட்டினார். அவன் அடித்த ஆணி, நம் காலண்டரைச் சுமக்கட்டும் என்று.

கோவிலுக்கு, எங்கள் சர்ச்சுக்கு, மட்டும் இரண்டு பேரும் தவறாமல் போவார்கள். அதில் ஒரு சிக்கல். சகோதரன்மேல் மனத்தாங்கல் உள்ளவன் முதலில் ஒப்புரவாகிவிட்டு வந்து திருவிருந்தில் பங்குபெற வேண்டும் என்று போதகர் ஐயர் சொல்லுவார். சொல்லும்போது சகோதரன் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தால் தர்மசங்கடம். அதனால் அப்பா விடியற்கால ஆராதனைக்குப் போவார், சித்தப்பா இரண்டாவது ஆராதனைக்குப் போவார். அப்பா வெளியே வரும்போது சித்தப்பா உள்ளே போவார். ஒருவர் ஒரு வாசலில் செருப்பைத் தேடுவார், இன்னொருவர் இன்னொரு வாசலில் கழற்றுவார். ஆண்டவரையே ஷிப்ட் போட வைத்தவர்கள் என்று நான் ஒருமுறை சொன்னேன். அம்மா கரண்டியைத் தூக்கினாள்.

அம்மாவும் சித்தப்பாவின் மனைவி டார்லின் சித்தியும் பெண்கள் சங்கத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாம் பேசுவார்கள். இது ஆண்கள் இருவருக்கும் தெரியாது. டார்லின் சித்தி மதுரையில் நர்ஸ், மாதத்துக்கு ஒருமுறை வருவார். சித்தப்பா மருந்துக் கடையைப் பார்த்துக்கொண்டு தானே பொங்கித் தின்கிறார்.

செவ்வாய் மத்தியானம் தாணுமாலையன், "லூசா இருக்குறத மட்டும் பைய தட்டி விடுதேன்" என்றான். அவன் தட்டத் தட்ட ஓட்டை வளர்ந்தது. அந்தப் பக்கம் சித்தப்பா மிக்ஸி போட்டால் அதிர்வில் அவர் பக்கத்து வெள்ளை டைல் ஒன்று விழும். இந்தப் பக்கம், "சும்மா தொட்டுத்தான் பாத்தேன்" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் நாலு செங்கல் விழும். செங்கல்களுக்கு நடுவே சிமெண்ட் இல்லை, செம்மண். கையில் எடுத்தால் திருநீறு மாதிரி உதிர்ந்தது. சாயந்திரம் பார்த்தபோது ஓட்டைக்கு ஒரு வடிவம் வந்திருந்தது. இடதும் வலதும் நேர்கோடு. மேலே தலைக்கு மேல் ஒரு கான்கிரீட் உத்தரம். அதற்குமேல் எதுவும் விழவில்லை.

"சார், இது வாசல்லா!" என்றான் தாணுமாலையன்.

அப்பா உத்தரத்தைப் பார்த்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன்.

"சாமான் ரூம் வாசல்" என்றார், நான் கேட்பதற்கு முன்பே. முன்பு அந்தப் பக்கம் சமையலறை, இந்தப் பக்கம் சாமான் அறை. பிரித்த பிறகு சாமான் அறைதான் எங்கள் குளியலறையாயிற்று.

"தெரிஞ்சிருந்தும் ஒரே சொவருன்னு சொன்னீங்களே?"

"அடைச்சது யாருன்னு கேப்பான்லா."

அடைத்தது சித்தப்பா. அப்போது அப்பா வேலை விஷயமாக வெளியூரில் இருந்தார். அதை ஒத்துக்கொண்டால் அந்த இடம் வரைக்கும் சுவர் தம்பியுடையது ஆகிவிடும். ஆகவே அப்பாவைப் பொறுத்தவரை பதினொரு வருஷமாக அப்படி ஒரு வாசல் இருந்ததே இல்லை. அப்பா அதன்மேல் நீல டைல்ஸ் ஒட்டினார். கொத்தனார் பக்கத்தில் நின்று, கலவையில் மணலைக் குறைத்து சிமெண்டைக் கூட்டச் சொல்லி, யுகமுடிவு வரைக்கும் நிற்கிற மாதிரி ஒட்டவைத்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சித்தப்பாவும் தன் பக்கம் வெள்ளை டைல்ஸ் ஒட்டினார், அவரும் சிமெண்டைக் கூட்டி. தாணுமாலையன் அன்றைக்குக் கிளம்பும்போது இடுப்பில் கைவைத்து நின்று, தானே கண்டுபிடித்தவன் மாதிரிச் சொன்னான்:

"இங்கன சொவரு டைல்ஸைப் பிடிச்சிட்டு நிக்கல சார். ரெண்டு பக்கத்து டைல்ஸும்தான் சொவத்தைப் பிடிச்சிட்டு நின்னிருக்கு. ஒண்ணை உருவினோம், முடிஞ்சிது."

உருவியது அவன் என்பது அவனுக்கு ஞாபகமே இல்லை.

புதன்கிழமை வைத்தியம் சொன்னான். இரண்டு பக்கமும் ஆடுகிற டைல்ஸையெல்லாம் எடுக்கவேண்டும். நல்ல செங்கல் வரைக்கும் கொத்தி, பழைய சுவரின் ஓரத்தில் பல் மாதிரி இடைவெளி எடுத்து, புதுச் செங்கலை அதோடு கோத்துக் கட்டவேண்டும். பழசும் புதுசும் சேருகிற இடத்தில் கம்பிவலை வைத்துப் பூசவேண்டும். பிறகு இரண்டு பக்கமும் ஆள் நின்று தண்ணீர் அடித்து நனைக்கவேண்டும். "ஒரு பக்கம் மட்டும் நனைச்சா வெடிக்கும். சொவத்துக்கு அண்ணன் தம்பி தெரியாது பாத்துக்கிடுங்க."

சித்தப்பா நிபந்தனை போட்டார். "கொத்தனாரே, என் டைல்ஸைத் தொடணும்னா ஒரே ஒரு விஷயம். இந்த வாசலை அடைச்சது நாந்தான்னு அவரு வாயால சொல்லட்டும். சொல்லிட்டாருன்னா ஒட்டுமொத்தமா எடுத்துக்கிடுங்க."

"கொத்தனாரே" என்றார் அப்பா. "வாயிருக்கவன் எல்லாம் நிபந்தனை போடலாம். எங்கிட்ட போட முடியாது."

தாணுமாலையன் டீ குடிக்கப் போனான். அவன் டீக்குப் போனால் டீத்தூள் விளைகிற இடத்துக்கே போனமாதிரி. வேலை நின்றது.

நிற்காதது வயிறு. எங்கள் கக்கூஸ் உடைந்து கிடந்தது. நான் பக்கத்துத் தெரு நண்பன் சிவசங்கரன் வீட்டுக்குப் போய்வந்தேன். அப்பா அப்படி யார் வீட்டுக்கும் போகமாட்டார். வெள்ளை வேட்டி கட்டி, சட்டையைச் செருகி, ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். கட்டணக் கழிப்பிடத்தில் அவருடைய பழைய மாணவன் ஒருவன் உட்கார்ந்திருந்தானாம். எழுந்து நின்று வணக்கம் சொல்லி, உள்ளே போனவர்களைச் சீக்கிரம் வரச்சொல்லிக் கதவைத் தட்டினானாம்.

மறைப்புக்கு ஏதாவது வேண்டும். பரணிலிருந்து அப்பாவின் பணி நிறைவு விழாவுக்கு அடித்த ஃப்ளெக்ஸை இறக்கினேன். ஆளுயரம். அதில் அப்பா மாலையோடு சிரிக்கிறார், மேலே புறா பறக்கிறது. உத்தரத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டோம். படம் எங்கள் பக்கம் இருக்கும்படிதான் நான் மாட்டினேன். அப்பா கழற்றித் திருப்பி மாட்டச் சொன்னார். அன்றிலிருந்து சித்தப்பா அடுப்படியில் நின்றால் ஒரு முழம் தூரத்தில் அண்ணன் சிரித்துக்கொண்டு நிற்பார். சித்தப்பாவும் லேசுப்பட்டவரில்லை. தாளிப்பதென்றால் அடுப்பைப் படத்தின் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார். வியாழன் காலையில் பார்த்தேன். அப்பாவின் நெற்றியில் கடுகு, கன்னத்தில் மஞ்சள், மீசையில் ஒரு கறிவேப்பிலை.

அன்று மத்தியானம் அம்மா போன் பண்ணினாள்.

"வேலை முடிஞ்சா?"

அப்பா ஃப்ளெக்ஸின் வெள்ளைப் பின்பக்கத்தைப் பார்த்தார். "முடிஞ்ச மாதிரிதான் சாரா. சொவரு காயணும். அவ்வளவுதான்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. முப்பது வருஷம் பொய் சொன்ன பிள்ளைகளைப் பெஞ்சுமேல் ஏற்றியவர்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி சுமாருக்கு வாசலில் கார் நின்றது. அம்மா இறங்கினாள். சொல்லாமல் வந்துவிட்டாள். இளைத்திருந்தாள். நாலு கால் ஊன்றுகோலைத் தரையில் குத்திக்கொண்டு, என்னையும் அப்பாவையும் தாண்டி, செருப்பைக்கூடக் கழற்றாமல் குளியலறைப் பக்கம் நடந்தாள். அந்த நடையிலேயே விஷயம் தெரிந்தது.

"சாரா, நில்லு. அங்கன…" என்றார் அப்பா.

"பேசாதீங்க. வள்ளியூர் தாண்டுனதுல இருந்து அடக்கிட்டு வாரேன். அந்த நாக்காலில இனி உக்கார மாட்டேன். செத்தாலும் சரி."

கதவைத் தள்ளினாள். தரை பெயர்ந்து கிடந்தது. கக்கூஸ் இருந்த இடத்தில் ஒரு குழி, அதன்மேல் ஒரு பலகை. மூலையில் செங்கல் குவியல். புதுக் கக்கூஸ் அட்டைப்பெட்டியில் கட்டுப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தது. அம்மா எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தாள். அப்பாவையும் பார்த்தாள்.

"சொவரு காயுதாக்கும்" என்றாள்.

அம்மா ஊன்றுகோலால் ஃப்ளெக்ஸை ஒதுக்கினாள். அந்தப் பக்கம் சித்தப்பா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். பழைய வாசலுக்கு நேர் எதிரே அவருடைய கேஸ் சிலிண்டர் நின்றது, காவலாள் மாதிரி. சிலிண்டருக்குப் பின்னால் சமையலறை, அதற்குப் பின்னால் நடை, நடையின் கடைசியில் அவர்கள் வீட்டுக் குளியலறைக் கதவு. உட்காருகிற கக்கூஸ் அங்கே ஆறு வருஷமாக இருக்கிறது. வேனில் வந்து இறங்கியபோது அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்து, "வயித்தக் கெடுக்கான்" என்றார்.

சித்தப்பா எழுந்து நின்றார். "மயினி" என்றார் அண்ணியைப் பார்த்து. கண்ணில் தண்ணீர். வெங்காயம்தான்.

"தெரு வழியா சுத்தி வந்தா அங்க அஞ்சு படி இருக்கு. என்னால ஏற முடியாது" என்றாள் அம்மா. யாரிடம் என்று சொல்லமுடியாது. பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். "கேளுங்க."

"தாணுமாலையா!" என்று அப்பா சத்தம் போட்டார்.

"அவரு டீக்குப் போயிருக்காரு" என்றேன்.

"எப்ப வருவாரு?"

"முந்தாநேத்து போனவரு."

அப்பா என்னைப் பார்த்தார். "லே ஜெய்சன், நீ போய் அங்கன…"

"அவன்ட்ட சொல்லாதீங்க" என்றாள் அம்மா. ஊன்றுகோலின் நாலு காலும் தரையில் தந்தியடித்தன. "நான் இங்கனயே நின்னுட்டுப் போயிரட்டா? சொல்லுங்க."

அப்பாவின் முகத்தில் பள்ளிக்கூடத்து மணி அடிப்பதற்கு முந்தின நிமிஷம் தெரிந்தது. தொண்டையைச் செருமினார். இன்னொருமுறை செருமினார். ஃப்ளெக்ஸில் இருந்த அப்பா இடுக்கில் கசங்கிச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

"லே கிருபை" என்றார். "அந்த சிலிண்டரை நகத்துலே."

சித்தப்பா கத்தியைக் கீழே போட்டார். "நகத்துதேன்" என்றார். ஆனால் உடனே நகர்த்தவில்லை. அடுப்போடு கோத்திருந்த குழாயைக் கழற்றத் தெரியாமல் இரண்டு கையாலும் முறுக்கினார். "இடது பக்கம் திருகுலே, எரும!" என்றார் அப்பா. ஒருவழியாகக் கழன்றது. சிலிண்டரைக் கட்டிப்பிடித்து ஓரத்துக்கு உருட்டினார்.

நான் குழியின் பலகையில் அம்மாவை மெதுவாக நடத்திக் கொண்டுபோனேன். வாசல் இருந்த இடத்தில் அடியில் இரண்டு வரிசைச் செங்கல் மட்டும் மிச்சம் இருந்தது. அந்தப் பக்கமிருந்து சித்தப்பா கை நீட்டினார். இந்தப் பக்கம் அப்பா முழங்கையைப் பிடித்தார். அம்மா ஊன்றுகோலைச் செங்கல்மேல் வைத்தாள். அது சரக்கென்று உள்ளே இறங்கியது. அம்மா சாய்ந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து பிடித்தார்கள். உதிர்ந்த செம்மண் அப்பாவின் வெள்ளை வேட்டியில் கொட்டியது.

"ஏலே!" அப்பா கத்தினார். "மண்ணை வச்சாலே அடைச்ச? ஒரு வாசலை அடைக்கவன் சிமெண்ட் வச்சு அடைக்க மாட்டானா? அறிவுகெட்டவனே!"

சித்தப்பா அம்மாவின் கையைப் பிடித்தபடியே நின்றார். கொஞ்ச நேரம் அண்ணனின் வாயையே பார்த்தார், புதன்கிழமை கேட்ட வார்த்தை அதிலிருந்து வந்துவிட்டதை எண்ணி வாங்குகிறவர் மாதிரி.

"அப்பம் சிமெண்ட் கிடைக்கல" என்றார். "தட்டுப்பாடு."

"தட்டுப்பாடாம். எங்கிட்ட கேட்டிருக்கலாம்லா?"

"நீங்க ஊர்லயா இருந்திய?"

"ரெண்டு பேரும்" என்றாள் அம்மா, "என்னைய விட்டுட்டுப் பேசுங்க."

விட்டார்கள். அம்மா ஊன்றுகோலை உருவிக்கொண்டு சித்தப்பாவின் சமையலறையைக் கடந்து நடையில் போனாள். இரண்டு பேரும் பின்னாலேயே போனார்கள், வேட்டியில் மண்ணோடு ஒருவர், கையில் வெங்காய வாசனையோடு ஒருவர். நான் பலகையிலேயே நின்றேன்.

"லைட்டு எங்கன?" என்றாள் அம்மா, கதவைத் திறந்து.

"வெளியதான். இடது கைப் பக்கம்" என்றார் அப்பா.

"அதை மாத்தியாச்சு. வலது பக்கம்" என்றார் சித்தப்பா.

அம்மா வலது பக்கம் தட்டினாள். உள்ளே விளக்கு எரிந்தது. வெள்ளை டைல்ஸ், வழுக்காதது. பிடித்துக்கொள்ளக் கம்பிகூட இருந்தது. உள்ளே போய்த் திரும்பி, வாசலில் நின்ற இரண்டு ஆண்களையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"இங்கன நிக்காதீங்க" என்றாள்.

கதவைச் சாத்தினாள். கொண்டி விழுந்தது. இரண்டு பேரும் அங்கேயேதான் நின்றார்கள்.